சாப்பிட்ட பிறகு இறங்கும் சர்க்கரை

உடல் எடையைக் குறைக்க இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் சிலருக்கு, ஓராண்டோ இரண்டாண்டோ கழிந்தபின் புதிய தொல்லை ஒன்று தலைகாட்டுகிறது. காலைச் சாப்பாடு முடிந்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். திடீரென்று வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும். பேச்சு குழறும். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வரும். சிலர் மயங்கி விழுவார்கள். அபூர்வமாக வலிப்பும் வருவதுண்டு. அந்த நேரத்தில் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை 50, 45 என்று காட்டும். பட்டினி கிடந்தவருக்கு இப்படி ஆனால் வியப்பில்லை. இவரோ சற்று முன்புதான் சாப்பிட்டவர்.

இதை முதல் தடவையிலேயே இன்னதென்று கண்டுகொள்வது குறைவு. எடை வேகமாகக் குறைந்த பலவீனம் என்று வீட்டில் சொல்வார்கள். பதற்ற நோய் என்று மாத்திரை எழுதப்படுவதும், வலிப்பு நோய் என்று மூளைக்கு ஸ்கேன் எடுக்கப்படுவதும் நடப்பதுதான். தொல்லை வந்த நேரத்தையும் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் அருகருகே எழுதிவைத்தால் விடை பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் மீண்டும் மீண்டும் வருவதே இந்நோயின் முதல் அடையாளம்.

இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே சர்க்கரை இறங்கினால் எச்சரிக்கை நிலை; 54க்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டிய நிலை. நீரிழிவு மருத்துவம் வகுத்துள்ள இந்த எல்லைகளே இங்கும் கையாளப்படுகின்றன. மூளை தன் எரிபொருளாகப் பெரிதும் குளுக்கோஸையே நம்பியிருக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் அதற்கு வேண்டும். சேமித்து வைத்துக்கொள்ளவும் அதற்கு வழியில்லை. சர்க்கரை இறங்கத் தொடங்கியதும் உடல் அட்ரினலினைச் சுரந்து எச்சரிக்கிறது. வியர்வையும் நடுக்கமும் படபடப்பும் கொலைப்பசியும் அந்த எச்சரிக்கையின் வடிவங்கள். அதையும் மீறி இறங்கும்போதுதான் மூளை தடுமாறுகிறது. குழப்பமும் பார்வை மங்கலும் மயக்கமும் அப்போது வருகின்றன. அடிக்கடி சர்க்கரை இறங்குகிறவருக்குக் காலப்போக்கில் முதற்கட்ட எச்சரிக்கை மழுங்கிப்போகும். வியர்வையும் நடுக்கமும் இல்லாமல் நேராகக் குழப்ப நிலைக்குப் போய்விடுவார். தனியாக வாழ்கிறவர்களுக்கும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் இதைவிட ஆபத்தான கட்டம் வேறில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிய, இரைப்பையின் வேலையைப் பார்க்க வேண்டும். இயல்பான இரைப்பை ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை கொள்ளும். உணவைக் கூழாக்குவது அதன் ஒரு வேலை. அதைவிட முக்கியமானது, அந்தக் கூழைச் சிறுகச் சிறுகச் சிறுகுடலுக்கு விடுவது. அதன் கீழ்வாயிலுள்ள பைலோரஸ் என்ற வளையத் தசை, ஏரிக்கு மதகு போல, திறப்பையும் அளவையும் பார்த்துக்கொள்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசனும் சிக்காஷி இட்டோவும் 1966இல் தொடங்கிவைத்த இரைப்பை பைபாஸ் இந்த ஏற்பாட்டையே மாற்றுகிறது. இன்று செய்யப்படும் ரூ-என்-ஒய் பைபாஸில் இரைப்பையின் மேற்பகுதியில் 30 மில்லிலிட்டர் அளவே கொள்ளும் சிறு பை தனியாகப் பிரிக்கப்பட்டு, சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரடியாக இணைக்கப்படுகிறது. மீதி இரைப்பையும் பைலோரஸும் முன்சிறுகுடலும் உடலுக்குள்ளேயே இருக்கும். உணவு மட்டும் அந்த வழியாகப் போகாது. ஸ்லீவ் என்ற இன்னொரு எடைக்குறைப்பு அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்பட்டு எஞ்சியது ஒரு குழாயாகிறது. பைலோரஸ் தப்பிவிடுகிறது என்றாலும், குறுகிய குழாய்க்குள் அழுத்தம் கூடுவதால் உணவு வேகமாகவே இறங்குகிறது. சர்க்கரை இறங்கும் தொல்லை பைபாஸுக்குப் பிறகு கூடுதல். ஸ்லீவுக்குப் பிறகும் உண்டு.

எடைக்குறைப்பு அறுவையோடு பிறந்த நோயும் அல்ல இது. வியன்னாவில் தியோடர் பில்ரோத் 1881இல் இரைப்பையின் ஒரு பகுதியை வெற்றிகரமாக அகற்றிக் காட்டிய பிறகு, புற்றுக்கும் புண்ணுக்கும் இரைப்பை அறுவை பரவலாயிற்று. அவ்வாறு அறுவை செய்துகொண்டவர்களிடம் உணவுக்குப் பின் வரும் தளர்ச்சியை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மருத்துவர்கள் கவனித்து எழுதியிருக்கிறார்கள். டம்பிங் என்று பெயர் பெற்ற அத்தொல்லையில் இரண்டு வகை உண்டு. சாப்பிட்ட பத்து நிமிடம் முதல் அரைமணிக்குள் வயிற்றுப் பிசைவு, வயிற்றுப்போக்கு, படபடப்பு என்று வருவது முன்வகை. அடர்த்தியான இனிப்பு குடலுக்குள் குவியும்போது உடல்நீர் அதை நோக்கி இழுக்கப்படுவதால் நேர்வது அது. அப்போது சர்க்கரை இறங்கியிருக்காது. ஒருமணி நேரத்துக்குப் பிறகு வருவதே இங்கே பேசப்படும் பின்வகை. இரண்டையும் ஒன்றாக எண்ணி, படபடப்பு வந்த உடனே சோதிக்காமல் இனிப்பை வாயில் போட்டுக்கொள்வது நோயாளிகளிடம் சாதாரணமாகக் காணும் பழக்கம். முன்வகையில் அது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

மாவுச்சத்து குடலுக்குள் ஒரேயடியாகக் கொட்டினால் சர்க்கரை கிடுகிடுவென ஏறுகிறது. அரைமணி, முக்கால் மணிக்குள் 200ஐத் தாண்டுவதும் உண்டு. அதோடு, செரிக்காத உணவு சிறுகுடலின் பின்பகுதியை விரைவில் எட்டிவிடுவதால், அங்குள்ள செல்கள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் பெருமளவில் சுரக்கின்றன. பைபாஸ் செய்துகொண்டவரிடம் உணவுக்குப் பின் இதன் அளவு இயல்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல் போகக்கூடும். இன்சுலினைச் சுரக்கும்படி கணையத்தைத் தூண்டுவது இந்த ஹார்மோனின் தொழில். ஏறிய சர்க்கரையும் ஏறிய ஜிஎல்பி-1உம் சேர்ந்து கணையத்தை விரட்ட, இன்சுலின் தேவைக்கு மேல் பாய்கிறது. உணவோ அதற்குள் உறிஞ்சப்பட்டு முடிந்திருக்கும். இன்சுலின் மட்டும் இரத்தத்தில் மீந்து நின்று சர்க்கரையைத் தொடர்ந்து கீழே இழுக்கிறது. எடை குறைந்த உடம்பு இன்சுலினுக்கு முன்பைவிட நன்றாகப் பணிவதும், இறங்கும் சர்க்கரையைத் தூக்கி நிறுத்த வேண்டிய குளுக்ககான் என்ற ஹார்மோன் சிலரிடம் சரிவர எழாததும் நிலைமையை மோசமாக்குகின்றன. அறுவைக்குப் பின் நீரிழிவு பலருக்குக் கட்டுக்குள் வருவதற்கு உதவும் அதே ஜிஎல்பி-1, நீரிழிவே இல்லாத ஒருவரிடம் அளவு மீறும்போது இந்தத் தொல்லையைத் தருகிறது.

இவ்வளவு தெளிவு உடனே கிடைத்துவிடவில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஜான் சர்வீஸும் உடன் பணியாற்றியவர்களும் 2005இல் ஆறு நோயாளிகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டார்கள். பைபாஸுக்குப் பின் கடுமையாகச் சர்க்கரை இறங்கியவர்கள் அவர்கள். அவர்களுடைய கணையத் திசுவில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் பெருகியிருப்பதாக அந்த அறிக்கை சொன்னது. அதே ஆண்டில் பாஸ்டன் நகரின் ஜாஸ்லின் நீரிழிவு மையத்திலிருந்து மேரி எலிசபெத் பாட்டி குழுவினரும் மூவரைப் பற்றி எழுதினார்கள். கணையம்தான் குற்றவாளி என்ற எண்ணம் வலுத்தது. கணையத்தின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் அறுவைகள் நடந்தன. மறு ஆண்டே மையர், பட்லர் முதலிய ஆய்வாளர்கள் அத்திசுக்களை மறுபடி ஆராய்ந்தார்கள். பருமனாக இருந்தவர்களின் கணையத்தோடு ஒப்பிட்டால் பீட்டா செல்கள் பெருகியிருக்கவில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு.

2010இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து டிரேசி மெக்லாஃப்லின் குழுவினர் வெளியிட்ட ஒரு நோயாளியின் கதை, இந்த வழக்கில் தீர்ப்பு எழுதியதாகவே கொள்ளலாம். பைபாஸ் செய்துகொண்ட அந்த நோயாளிக்கு வாய்வழி உணவு கொடுத்தபோது சர்க்கரை எகிறி, இன்சுலின் பொங்கி, பிறகு சர்க்கரை விழுந்தது. உடலுக்குள் சும்மா கிடந்த பழைய இரைப்பைக்குள் ஒரு குழாய் செலுத்தி, அதன் வழியாக அதே உணவைக் கொடுத்தபோது எல்லாம் இயல்பாக இருந்தது. ஒரே ஆள், ஒரே கணையம், ஒரே உணவு. மாறியது பாதை மட்டும். 2014இல் மர்சியே சலேஹி குழுவினர், ஜிஎல்பி-1 வேலை செய்யவிடாமல் தடுக்கும் எக்ஸெண்டின் 9-39 என்ற பொருளை நோயாளிகளுக்குச் செலுத்தி, சர்க்கரை இறங்குவதைத் தடுத்துக் காட்டினார்கள். கிலா மான்ஸ்டர் என்ற அமெரிக்கப் பாலைநிலப் பல்லியின் நச்சு உமிழ்நீரில் கண்டறியப்பட்ட ஒரு புரதத்தின் துண்டு இது. அதே புரதத்தின் முழு வடிவம் நீரிழிவு மருந்தாக ஏற்கெனவே விற்பனையில் இருந்தது. பல்லி ஒன்று சர்க்கரை ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் மருந்து தந்திருக்கிறது.

இந்த ஆய்வுகளிலிருந்து நடைமுறைக்குக் கிடைக்கும் உண்மை ஒன்றுதான். இறக்கம் என்பது அதற்கு முன் வந்த ஏற்றத்தின் பின்விளைவு. ஏற்றத்தைத் தணித்தால் இறக்கம் தானே தணியும். உணவு, மாத்திரை, ஊசி, மறு அறுவை எல்லாமே இந்த ஓர் உண்மையைச் சுற்றியே அமைகின்றன.

எத்தனை பேருக்கு வருகிறது என்பது, எதை நோய் என்று கணக்கில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையான இறக்கம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்று ஸ்வீடன் நாட்டுப் பதிவேடுகளைக் கொண்டு 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. அறிகுறிகளைக் கேள்வித்தாள் மூலம் விசாரித்த ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆம் என்றார்கள். அறுவைக்கு முன் நீரிழிவு இல்லாதவர்கள், பெண்கள், எடையை மிகுதியாக இழந்தவர்கள், அறுவைக்கு முன்பே பசி நேரத்தில் படபடப்பு கண்டவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல்.

நோயை உறுதி செய்ய, அமெரிக்க அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் 1930களில் வகுத்த மூன்று நிபந்தனைகள் இன்றும் பயன்படுகின்றன. அறிகுறிகள் இருக்க வேண்டும். அதே நேரத்தில் சர்க்கரை குறைவாகப் பதிவாக வேண்டும். சர்க்கரையை ஏற்றியதும் அறிகுறிகள் மறைய வேண்டும். வீட்டுக் குளுக்கோமீட்டர் குறைந்த அளவுகளில் சற்று முன்பின்னாகக் காட்டும். மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் இல்லாத சர்க்கரையையும் காட்டும். கையில் ஒட்டிக்கொள்ளும் தொடர் கண்காணிப்புக் கருவி உதவியானது என்றாலும், அது இரத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. தோலடி நீரை அளக்கிறது. சர்க்கரை வேகமாக மாறும் நேரத்தில் அதன் எண் சில நிமிடங்கள் பின்தங்கியிருக்கும். கருவி ஒட்டிய கையின்மேல் படுத்து உறங்கினால் நள்ளிரவில் பொய்யாக அபாயமணி அடிக்கும். ஆகவே அறிகுறி தோன்றும் நேரத்தில் விரல் நுனிச் சோதனையும் செய்து, என்ன சாப்பிட்டார், எப்போது, என்ன எண் வந்தது என்று இரண்டு வாரம் குறித்து வருவது மருத்துவருக்கு மிகவும் உதவும்.

நீரிழிவைக் கண்டறிய வழக்கமாகச் செய்யும் குளுக்கோஸ் நீர்ச் சோதனையை இவர்களுக்குச் செய்யலாகாது. வெறும் குளுக்கோஸைக் குடித்தால் நலமுள்ளவர்களிலேயே சிலருக்குச் சர்க்கரை தாழ்வாகப் பதிவாகும். பைபாஸ் செய்தவர்களுக்கோ கடுமையான டம்பிங்கும் மயக்கமும் வரலாம். தேவைப்பட்டால் புரதமும் கொழுப்பும் மாவுச்சத்தும் கலந்த உணவைக் கொடுத்து, மருத்துவர் கண்ணெதிரில் சோதிப்பதே முறை. தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து நீரிழிவு சோதிக்கும் நல்ல ஏற்பாடு இருக்கிறது. எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் கருவுற்ற பெண் அதே சோதனைக்கு உட்காரும் முன் தன் அறுவையைப் பற்றி அங்குள்ள செவிலியரிடம் சொல்லியே ஆக வேண்டும். அப்பெண்ணுக்குக் கர்ப்பத்தின் 24 முதல் 28 வாரத்துக்குள் ஒரு வாரம் வீட்டிலேயே உணவுக்கு முன்னும் பின்னும் சர்க்கரை பார்ப்பது மாற்று வழி.

வெறும் வயிற்றில், விடியற்காலையில், உணவுக்கு ஐந்தாறு மணி நேரம் கழித்து வரும் இறக்கத்தை இந்நோயின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. இன்சுலின் சுரக்கும் கணையக் கட்டி, அட்ரினல் சுரப்பிக் குறைவு, கல்லீரல் நோய் என்று வேறு காரணங்களைத் தேட வேண்டும். அறுவைக்கு முன் நீரிழிவுக்கு எடுத்துவந்த இன்சுலினையோ, கிளிமிபிரைட், கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளையோ எடை குறைந்த பிறகும் பழைய அளவிலேயே தொடர்வது இன்னொரு சாதாரணக் காரணம். வீட்டில் வேறொருவர் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை தவறி வாய்க்குள் போயிருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுவது நல்லது. ஒரே டப்பாவில் மூவருடைய மாத்திரைகள் கிடக்கும் வீடுகள் குறைவல்ல. அடிக்கடி வாந்தி எடுக்கும் நோயாளி குழம்பிய நிலையில் வந்தால், தயமின் என்ற பி-1 வைட்டமின் குறைவும் உடன் இருக்கக்கூடும். அப்போது குளுக்கோஸ் ஏற்றுவதோடு தயமினும் சேர்த்துத் தர வேண்டும். குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைப் பாதிப்பு தீவிரமாகலாம்.

சர்க்கரை 70க்குக் கீழே இறங்கியது உறுதியானால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியைச் சிறிது நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் பொறுத்து மீண்டும் சோதிக்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. இந்தப் பொறுமைதான் கடினம். உடம்பு நடுங்கும்போது கைக்கு அகப்பட்ட லட்டு, பழச்சாறு, பிஸ்கட் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொள்ளத் தோன்றும். அவ்வளவும் குடலுக்குள் கொட்ட, சர்க்கரை மீண்டும் உச்சிக்குப் போக, இன்சுலின் மீண்டும் பாய, இரண்டு மணி நேரத்தில் அடுத்த இறக்கம் வந்து நிற்கும். ஒரே நாளில் மூன்று முறை இறங்கியதாகச் சொல்லும் நோயாளிகளில் பலர் இந்தச் சுழலில் சிக்கியவர்கள். எடை மீண்டும் ஏறுவதற்கும் இதுவே வழி. எண் 70ஐக் கடந்ததும் ஓர் அவித்த முட்டையோ, ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ, ஒரு துண்டு பனீரோ சாப்பிட்டால் ஏறிய சர்க்கரை நிலைத்து நிற்கும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். குளுக்ககான் ஊசி வீட்டில் இருந்தால் போட்டு, 108ஐ அழைப்பதே செய்ய வேண்டியது.

உணவு முறையே முதன்மையான சிகிச்சை. ஒருவேளை உணவில் மாவுச்சத்து 30 கிராமுக்குள், இடைத்தீனியில் 15 கிராமுக்குள் என்பது பல சிகிச்சை மையங்கள் கையாளும் தொடக்க அளவு. தமிழர் சமையலில் இது எங்கே போய் முட்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சமைத்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து ஏறத்தாழ 28 கிராம். இட்லியின் அளவு வீட்டுக்கு வீடு மாறினாலும், நடுத்தர இட்லி இரண்டிலேயே எல்லை வந்துவிடும். மூன்று இட்லி, மேலே சர்க்கரை போட்ட காப்பி என்ற எளிய காலையுணவு இவர்களுக்குப் பத்தரை மணி மயக்கமாக முடியலாம்.

இட்லியையும் சோற்றையும் ஒதுக்க வேண்டியதில்லை. தட்டில் அவற்றின் இடம் மாற வேண்டும். முட்டை, மீன், கோழி, பனீர், சுண்டல், கெட்டிப் பருப்பு, தயிர் என்று புரதம் முதலில், காய் அடுத்து, சோறோ இட்லியோ கடைசியில், இடமிருந்தால். இதே உணவை இந்த வரிசையில் உண்டால் சர்க்கரை ஏற்றம் குறைகிறது என்பது நீரிழிவு நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்று. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் அறுவை செய்துகொண்ட எவருக்கும் வேண்டும். அதை எட்டுவதற்கும் இந்த வரிசை உதவும். கல்யாணப் பந்தியின் வரிசை இதற்கு நேர் எதிர். இலையில் முதலில் வந்து விழுவது இனிப்பு. மரியாதைக்காக அதில்தான் முதலில் கை வைக்கிறோம். பந்திக்குப் போகிறவர் அந்த இனிப்பைக் கடைசி வரை தொடாமல் வைத்திருந்து, பிறகு ஒரு விள்ளல் எடுத்துக்கொண்டால் போதும்.

கஞ்சியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. உடம்பு முடியாதவருக்குக் கஞ்சி என்பது நம் வீடுகளின் முதல் வைத்தியம். கேழ்வரகு, கம்பு, சத்துமாவு என்றால் கேள்வியே இல்லை, நல்லது என்று ஊட்டிவிடுவார்கள். நன்றாக அரைத்து, வேகவைத்து, நீர்க்கக் கரைத்த எந்தத் தானியமும் சிறு பையில் தங்குவதில்லை. நேரே குடலுக்கு ஓடிவிடும். கேழ்வரகின் நார்ச்சத்து இங்கே பெரிதாகக் காப்பாற்றாது. அதே கேழ்வரகைக் களியாகவோ அடையாகவோ, குழம்பும் முட்டையும் சேர்த்து மென்று சாப்பிட்டால் கதை வேறு. பழத்துக்கும் இதே விதி: கொய்யாவைக் கடித்துத் தின்னலாம், சாறாகப் பிழிந்து குடிக்கக் கூடாது. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் இவற்றுக்கு ஊரில் இருக்கும் நல்ல பெயர், இன்சுலினைப் பொறுத்தவரை செல்லாது.

சாப்பாட்டோடு தண்ணீர் குடித்தால் உணவு வேகமாக இறங்கும். உணவுக்குப் பின் அரைமணி நேரம் விட்டுக் குடிப்பது நல்லது. ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடிப்பதும் தண்ணீர்க் கணக்கே. இருபது நிமிடமாவது எடுத்து, மென்று சாப்பிட வேண்டும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் உண்பது, பெருவிருந்தும் பட்டினியுமாக மாறிமாறி இருப்பதைவிடப் பாதுகாப்பானது. விரதம் இருந்துவிட்டு சர்க்கரைப் பொங்கலோடு முடிப்பது இரண்டு தவறுகளை ஒன்றாகச் செய்வதாகும். மது பைபாஸ் செய்தவரின் இரத்தத்தில் விரைவாகவும் கூடுதலாகவும் ஏறும். கல்லீரல் குளுக்கோஸை உருவாக்குவதையும் அது தடுக்கும். சர்க்கரை இறங்கித் தடுமாறுகிறவரைக் குடித்திருக்கிறார் என்று சாலையில் விட்டுவிட்டுப் போகும் ஆபத்தும் உண்டு. உடற்பயிற்சி வேண்டும், இறக்கம் வழக்கமாக வரும் நேரத்தில் மட்டும் வேண்டாம். வண்டி எடுக்கும் முன் சோதிப்பதும், அடிக்கடி கடுமையாக இறங்குகிறவர் அது கட்டுக்குள் வரும்வரை ஓட்டாதிருப்பதும் அவருக்காக மட்டுமல்ல.

உணவு முறையை ஒழுங்காகக் கடைப்பிடித்தும் தொல்லை ஓயாதபோது மருந்து. முதலில் எடுக்கப்படுவது அகார்போஸ். மாவுச்சத்து குளுக்கோஸாக உடைவதைக் குடலிலேயே தாமதப்படுத்தும் மாத்திரை இது. 25 மில்லிகிராமில் தொடங்கி, 50 முதல் 100 வரை, ஒவ்வொரு வேளையும் முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும். வயிற்று உப்புசமும் வாயுவும் இதன் தொல்லைகள். பலர் கைவிடுவதும் இவற்றால்தான். இந்தியாவில் அதே இனத்தைச் சேர்ந்த வாக்ளிபோஸும் எழுதப்படுகிறது. இவற்றைச் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை இறங்கினால் வீட்டுச் சர்க்கரை விரைவில் கைகொடுக்காது. அது உடைந்து உறிஞ்சப்படுவதையும் இம்மருந்து தாமதப்படுத்துகிறது. தூய குளுக்கோஸ் மட்டுமே உடனே வேலை செய்யும். பையில் மிட்டாய்க்குப் பதில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்க வேண்டியதற்குக் காரணம் இது.

அடுத்த படியில் இன்சுலின் சுரப்பைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் உள்ளன. டயசாக்சைடு கால் வீக்கத்தையும் தேவையற்ற முடி வளர்ச்சியையும் கொடுக்கலாம். ஆக்ட்ரியோடைடு ஊசி இன்சுலினையும் ஜிஎல்பி-1ஐயும் சேர்த்து அடக்குவதால் கடுமையான நோயில் பயன்படுகிறது. விலை அதிகம், பித்தப்பைக் கற்கள் உருவாகவும் வாய்ப்புண்டு. நிஃபெடிபின், வெரப்பமில் போன்ற இரத்த அழுத்த மருந்துகளும் சிலருக்குப் பலன் தந்திருக்கின்றன. எக்ஸெண்டின் 9-39, அவெக்சிடைடு என்ற பெயரில் ஊசி மருந்தாக உருவாக்கப்பட்டு மூன்றாம் கட்டச் சோதனைக்கு வந்திருக்கிறது. நோயின் வேரிலேயே கைவைப்பதால் மருத்துவர்கள் இதைத்தான் ஆவலோடு எதிர்பார்க்கிறார்கள்.

மறு அறுவை மிகச் சிலருக்கே தேவைப்படும். ஒதுக்கிவைக்கப்பட்ட இரைப்பைக்குள் குழாய் வைத்து அதன் வழியே ஊட்டுவது ஒரு வழி. பைபாஸை மீண்டும் பழைய நிலைக்குத் திருப்பினால் நோயாளிக்குப் பயன் இருக்குமா என்பதை முன்கூட்டியே காட்டித் தரவும் அது உதவும். சிறு பையின் வாயைக் குறுக்கி உணவின் வேகத்தைக் குறைப்பது இன்னொன்று. பைபாஸைத் திருப்பும் அறுவை சிக்கலானது. இழந்த எடையும் பழைய நீரிழிவும் திரும்பக்கூடும், சிலருக்கு அதன் பிறகும் சர்க்கரை இறங்குவது நிற்பதில்லை. 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்யப்பட்ட கணைய அகற்றம் இன்று கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டது. கணையத்தில் பெரும்பகுதியை இழந்த பிறகும் பலருக்குச் சர்க்கரை இறங்கியது. வேறு சிலர் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகளானார்கள்.